நாணுக்கும் விரலுக்கும் நடுவில்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு விஸ்கான்சினில் இருந்து பெரியப்பா மகன், அண்ணன் கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது.

"ஏண்டா தம்பி, உனக்குத்தான் இந்தப் பழைய சமாச்சாரமெல்லாம் தெரியுமே. இங்க எங்க ஆளுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கறாங்க. வேட்டை வில்லுல டி-லூப் போடலாமா, கூடாதா? நம்ம காலத்து வில்லாளிக எல்லாம் என்ன பண்ணினாங்க?"

அண்ணன் பத்து வருடமாக அங்கே வில்லால் மான் வேட்டைக்குப் போகிறவர். நானோ புனே ஔந்தில் குப்பை கொட்டுகிறவன். சாயங்காலம் பரிஹார் சௌக்கில் பார்க்கிங் தேடுவதுதான் எனக்குத் தெரிந்த வேட்டை :-). "பாத்துச் சொல்றேங்கண்ணா" என்று வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்குத் தூங்க விடவில்லை. காரணம், இரண்டு வாரம் முன்பு அதே கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து, நான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டிருந்தேன். அது கடைசியில்.

முதலில் டி-லூப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு (ஆறு மாதம் முன்பு வரை நானும் அந்தக் கட்சிதான்). காம்பவுண்ட் வில் என்று ஒன்று இருக்கிறது. இரு முனைகளிலும் உருளைகள் வைத்த நவீன வில். அதன் நாணில் அம்பின் பின்பிளவு உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு போட்டு ஒரு சின்னத் துண்டுக் கயிற்றைக் கட்டுகிறார்கள். 'டி' எழுத்து போலப் பின்பக்கம் வளைந்து நிற்கும். வில்லாளியின் கையில் 'ரிலீஸ்' என்ற கருவி. அதன் கொக்கி இந்தக் கயிற்று வளையத்தைப் பிடித்து இழுக்கும். விசையைத் தொட்டால் கொக்கி திறக்கும், அம்பு போய்விடும். விரல் நாணைத் தொடுவதே இல்லை.

கொக்கியை நேராக நாணிலேயே மாட்டினால் என்ன? மாட்டலாம், பல வருடம் அப்படித்தான் மாட்டினார்கள். ஆனால் அம்பு இருக்கும் இடத்தில் கொக்கிக்கு இடமில்லை. அம்புக்குக் கீழே மாட்டி இழுத்தால் இழுவை அம்பின் நேர்கோட்டில் வராது, பின்பிளவைக் கீழிருந்து மேலே நெட்டும். நாணின் நடுவில் சுற்றியிருக்கும் காப்பு நூலும் கொக்கி உரசி உரசித் தேயும். வளையம் இருந்தால் இழுவை அம்புக்கு நேர் பின்னால் வருகிறது. தேய்வது நாண் அல்ல, சில ரூபாய்க் கயிறு.

வேண்டாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வளையம் போட்டால் கை அரை அங்குலம், முக்கால் அங்குலம் பின்னால் போகும். வில்லின் இழுப்பு நீளத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும். அம்பின் வேகம் கொஞ்சம் குறையும். குளிரில் கையுறையோடு மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, மானை விட்டுக் கண்ணெடுத்து வளையத்தைத் தேட வேண்டியிருக்கும். தேய்ந்த கயிறு முழு இழுப்பில் அறுந்தால் கை சொந்த முகத்திலேயே குத்தும். இத்தனைக்கும் மேலே கடைசியாக ஒன்று சொல்வார்கள்: "இதெல்லாம் வில்வித்தையா? வெறும் விரலால் இழுப்பதுதான் வித்தை."

இந்தக் கடைசி வாதத்தைத்தான் சரித்திரத்தில் தேடிப் பார்த்தேன். வெறும் விரலால் இழுத்த அந்தப் பொற்காலம் எங்கே இருந்தது?

எட்வர்ட் மோர்ஸ் என்று ஓர் அமெரிக்க விலங்கியலாளர். டோக்கியோவில் பேராசிரியராக இருந்தவர். ஜப்பானியர் நாணை இழுக்கும் விதம் தான் அறிந்ததிலிருந்து முற்றிலும் வேறாக இருப்பதைக் கண்டு, உலகம் முழுக்க யார் எப்படி இழுக்கிறார்கள் என்று விவரம் சேர்த்து 1885-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து முக்கிய முறைகளாகப் பிரித்தார். மிக எளியது, அம்பின் வாலையே கட்டை விரலாலும் மடக்கிய ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுப்பது. நாம் சின்ன வயதில் தென்னங்கீற்று ஈர்க்கில் வில் செய்து இழுத்தது இதுதான். ஐரோப்பாவில் பரவியது இரண்டு மூன்று விரல்களை நாணில் கொக்கிபோல் போட்டு இழுப்பது. இன்று ஒலிம்பிக்கில் பார்க்கும் முறை. மங்கோலியர், துருக்கியர், சீனர் இழுத்தது கட்டை விரலால்.

கட்டை விரல் முறைக்காரர்கள் வெறும் விரலோடு நிற்கவில்லை. கொம்பு, எலும்பு, தந்தம், பச்சைக்கல் என்று பலவற்றில் மோதிரம் செய்து போட்டுக்கொண்டார்கள். முகலாயர் வழியாக அது இந்தியாவிலும் பெரிய கௌரவமாயிற்று. ஷாஜஹானின் பட்டப்பெயர் பொறித்த பச்சைக்கல் கட்டை விரல் மோதிரம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 1040, அதாவது 1630-31 என்று ஆண்டும் அதில் உண்டு. இந்த மோதிரம் வெறும் அலங்காரம் அல்ல. மூன்று விரலால் இழுத்தால், விடும்போது மூன்றும் ஒரே கணத்தில் விலக வேண்டும். ஒன்று பிந்தினாலும் நாண் பக்கவாட்டில் நெளியும், அம்பும் விலகும். வழவழப்பான மோதிரத்தின் ஒற்றை விளிம்பில் நாண் இருந்தால் சட்டென்று வழுக்கிப் போய்விடும். யோசித்துப் பாருங்கள், இன்றைய ரிலீஸ் கொக்கியின் வேலையும் இதுவேதான்.

சரி, அண்ணன் கேட்டது நம் ஆட்களைப் பற்றி. வில்லைக் கொடியில் வைத்த சேரர் நம்மவர்கள். அண்ணனும் நானும் பிறந்தது சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரம். அந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. புறநானூற்றில் 152-ஆம் பாட்டாக வன்பரணர் பாடியது அவன் வேட்டையைத்தான். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. கவிதைக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. எதிரே நிற்பது ஓரி என்று தெரியாமலே பாணர்கள் பாடுகிறார்கள். தன் புகழைக் கேட்டு அவன் வெட்கப்படுகிறான். அதன் பிறகு வேட்டை இறைச்சியும் தேனும் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். ஆடி மாதம் கொல்லிமலைச் செம்மேட்டில் இன்றும் ஓரி விழா நடக்கிறது.

அந்த ஓரி எந்த விரலால் இழுத்தான் என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் நம் மொழி ஒரு விஷயத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது. தமிழ் அகராதியில் 'கோதை' என்ற சொல்லைப் பாருங்கள். பூமாலை, பெண், ஆண்டாள் எல்லாம் நமக்குத் தெரியும். இன்னொரு பொருள், வில்லாளி முன்கையில் கட்டும் தோல் உறை. 'புட்டில்' என்றால் கூடை, அம்பறாத்தூணி, கூடவே விரலுறை என்ற பொருளும் உண்டு. வடமொழியில் இந்த இரண்டும் ஒரே தொடராக வரும். விசுவாமித்திரர் பின்னால் நடக்கும் ராம லட்சுமணரை, கோதையும் விரல் காப்பும் கட்டியவர்கள் என்று வால்மீகி வருணிக்கிறார். 'கோதா' என்றால் வடமொழியில் உடும்பு. உடும்புத் தோலில் செய்ததால் அந்தப் பெயர். ஓரியின் அம்பு கடைசியில் உடும்பில் போய் நின்றது ஏன் என்று இப்போது எனக்கு வேறு மாதிரியும் தோன்றுகிறது, சும்மா ஒரு கற்பனைதான் :-).

ஆக, ராமனே வெறும் விரலால் இழுக்கவில்லை!

எப்படி இழுப்பது என்பதிலும் அந்தக் காலத்திலேயே ஒருமித்த கருத்து கிடையாது. 1363-இல் தொகுக்கப்பட்ட சார்ங்கதர பத்ததி என்ற வடமொழி நூலில் வில்வித்தைப் பகுதி ஒன்று இருக்கிறது. நாணைப் பிடிக்கும் பிடிகள் ஐந்து என்று அது சொல்கிறது: பதாகை, வஜ்ரமுஷ்டி, சிம்மகர்ணி, மத்சரி, காகதுண்டி. எந்த வகை அம்புக்கு, எந்த வேலைக்கு எந்தப் பிடி என்ற ஆராய்ச்சியும் உண்டு. அண்ணனின் வேட்டை நண்பர்கள் அதைப் படித்தால் இன்னும் மூன்று கட்சி சேர்ந்துவிடும்.

நாணிலேயே கூடுதலாக ஒன்றைக் கட்டுவதும் புதிதல்ல. கம்பன் படித்தவர்களுக்கு உண்டைவில் நினைவிருக்கும். சிறுவனாக இருந்த ராமன் கூனியின் முதுகில் மண் உருண்டை அடித்த வில். அந்த மாதிரி வில்லுக்கு நாண் இரட்டையாக இருக்கும். நடுவில் உருண்டை உட்காரத் துணியாலோ பின்னலாலோ ஒரு சிறு பை. ராமாயணத்தின் திருப்புமுனையே ஒரு விதத்தில் அந்தப் பையிலிருந்து புறப்பட்டதுதான்.

இனி ஏகலைவன். இந்தக் கதையை நாம் குரு பக்தி என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். வில்லாளியின் கண்ணால் ஒரு தடவை படியுங்கள். குரைத்த நாயின் வாயில் ஏழு அம்புகளைச் சொருகிய வேடன் மகனிடம் துரோணர் கேட்டது உயிரை அல்ல, வில்லையும் அல்ல. வலது கட்டை விரலை. அவனுடைய ரிலீஸையே கழற்றி வாங்கிக்கொண்டார் என்று சொன்னால் இன்றைய வில்லாளிக்குச் சட்டென்று புரியும். அதற்குப் பிறகும் ஏகலைவன் வில்லைக் கீழே போடவில்லை. மற்ற விரல்களால் எய்தான், பழைய வேகம் வரவில்லை என்று பாரதமே சொல்கிறது.

நாங்கள் இருக்கும் இதே மகாராஷ்டிராவின் வடக்கே நந்துர்பார் பக்கமும், அதை ஒட்டிய மத்தியப் பிரதேசத்திலும் பீல் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் இன்றும் கட்டை விரலைச் சேர்க்காமல் ஆள்காட்டி விரலாலும் நடு விரலாலும்தான் இழுக்கிறார்கள். "எங்கள் ஏகலைவன் கொடுத்த விரல், அதனால் நாங்கள் தொடுவதில்லை" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்கள் வில் மூங்கில், நாணும் மூங்கில் சீவலே. விரலை வாங்கினால் வித்தை முடிந்தது என்று நினைத்தவருக்கு ஒரு சமூகமே காலம் காலமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி அமெரிக்கா. அங்கே நவீன வில் வேட்டை தொடங்கிய கதையிலும் ஒரு பழங்குடி ஆசிரியர் இருக்கிறார். 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குள் தன்னந்தனியாக ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி ஆள். தன் பெயரை அவர் சொல்லவேயில்லை. அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் இஷி என்ற பெயரால் அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப், அவரிடம் வில்வித்தை கற்றார். இஷி 1916-இல் காசநோயால் இறந்தார். 1923-இல் போப் எழுதிய வேட்டைப் புத்தகம்தான் அங்கே பலரை வில்லை எடுக்க வைத்தது. 1934-இல் வில்லுக்கு என்று தனியாக ஒரு மான் வேட்டைக் காலத்தை முதலில் விட்டது அண்ணன் இருக்கும் அதே விஸ்கான்சின்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இஷி இழுத்தது கட்டை விரலால். போப் இழுத்தது ஐரோப்பிய முறையில், தோலுறை போட்ட மூன்று விரல்களால். சீடன் முறை மாறினான் என்று இஷி கோபிக்கவில்லை, கட்டை விரலும் கேட்கவில்லை. அவர் போப்புக்குக் காட்டிய பெரிய பாடம் வேறு. மறைந்து உட்கார்வது, முயலின் குரலில் கூப்பிடுவது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பது, அதாவது மிருகத்துக்கு மிகக் கிட்டத்தில் போய்ச் சேர்வது.

பிறகு 1966-இல் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் உருளை வைத்த வில்லுக்கு விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். முழு இழுப்பில் கை தாங்க வேண்டிய கனம் வெகுவாகக் குறைந்தது. வில்லும் வரவரக் குட்டையாயிற்று. குட்டை வில்லை முழுக்க இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களை நசுக்கும். அதனால் விரலுக்குப் பதில் கொக்கி. கொக்கி நாணைத் தேய்த்ததால் வளையம். கோதை, புட்டில், பச்சைக்கல் மோதிரம் வந்த அதே வழியில்தான் இந்தத் துண்டுக் கயிறும் வந்திருக்கிறது.

எனவே "வெறும் விரலே வித்தை" என்ற வாதம் சரித்திரத்தில் நிற்காது. ஆனால் வேட்டைக்காரருக்குக் கேள்வி அதோடு முடிவதில்லை. இந்தியாவில் இது பேச்சுக்குக் கூட இடமில்லாத விஷயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று ஆடும் வேட்டையையும் மூடிய 1991 திருத்தமும் சேர்ந்து கதவை அடைத்துவிட்டன. அண்ணனுக்கு அங்கே அனுமதி இருக்கிறது, அதனால் அவருக்குப் பொறுப்பும் இருக்கிறது. அட்டையில் அம்பு இரண்டு அங்குலம் விலகினால் ஒரு புள்ளி போகும். மானில் விலகினால் அது காயத்தோடு ஓடி, எங்கோ புதரில் மெல்லச் சாகும்.

ஒரு சின்னக் கணக்கு. வினாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 40 கஜத்தை, அதாவது 120 அடியைக் கடக்க 0.4 வினாடிக்கு மேல் ஆகும். நாணின் சத்தமோ வினாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி வேகத்தில் போகிறது. 0.1 வினாடியில் மானின் காதுக்குப் போய்விடும். மீதி நேரத்தில் மான் குனிந்து பாய ஆயத்தமாகிவிட முடியும். எந்த வளையத்தாலும் எந்தக் கொக்கியாலும் இந்த இடைவெளியை மூட முடியாது. கிட்டத்தில் போனால்தான் மூடும்.

மறுநாள் அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். "தாராளமாப் போடுங்கண்ணா. அம்பு நேராப் போகும்னா மானுக்கும் அதுதான் நல்லது. ஆனா இருபத்தஞ்சு கஜத்துல அடிச்சிட்டிருந்தவங்க, லூப் வந்த தைரியத்துல அம்பது கஜத்துல அடிக்கப் போனா, அது கயித்தோட தப்பு இல்லீங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்க கட்சில ஒருத்தன் அப்படித்தான் போன வருசம் ஒரு மானைக் காயத்தோட தொலைச்சான்" என்றார். அந்த ஒருத்தன் யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. என் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடமாக விரலால் இழுக்கும் ரிகர்வ் வில்லில் பயிற்சி. போன மழைக்காலத்தில் சைக்கிளில் இருந்து விழுந்து வலது கை ஆள்காட்டி விரலில் எலும்பு முறிந்து, கூடியும் கூட முழுக்க மடங்கவில்லை. பயிற்சியாளர் காம்பவுண்டுக்கு மாறச் சொன்னார். ரிலீஸும் டி-லூப்பும் இருந்தால் அந்த விரலுக்கு வேலை குறைவு. அவள் ஆசையோடு வந்து சொன்னபோது நான் சொன்னது, "அதுல என்ன கண்ணு வித்தை இருக்குது? மிஷின்தானே அடிக்குது." அவள் ஒன்றும் பேசவில்லை. வில் பையை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் பக்கத்திலேயே சான்று இருந்தது. 2023 ஆகஸ்டில் பெர்லின் உலகப் போட்டியில், காம்பவுண்ட் வில்லில் இங்கிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் சாத்தாராவின் அதிதி சுவாமி பதினேழு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அதே நாளில் ஆண்கள் பிரிவில் நாக்பூரின் ஓஜஸ் தேவ்தளே. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ரிலீஸ் எல்லோருக்கும் இருக்கிறது, ஐம்பது மீட்டரில் பத்தை அடிக்க எல்லோராலும் முடியவில்லையே. மிஷினா அடிக்கிறது?

எல்லாவற்றுக்கும் மேலே ஷீத்தல் தேவி. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் பெண். பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. வலது காலால் வில்லைத் தாங்கி, தோளில் கட்டிய ரிலீஸால் நாணை இழுத்து, தாடை அசைவில் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம், 2025-இல் பாரா உலகச் சாம்பியன். துரோணர் ஒரு விரலை வாங்கினால் போதும் என்று நினைத்தார். இந்தப் பெண்ணிடம் அவர் எதைக் கேட்டிருப்பார்?

அண்ணனுக்காகப் படிக்கப் போய், அன்றைக்கு நான் பேசியது துரோணர் பேச்சு என்று தெரிந்துகொண்டேன். அவராவது வாளைத் தொடாமல் கேட்டு வாங்கினார். நான் கேட்காமலே பிடுங்கப் பார்த்தேன்.

நேற்றுக் காலை பரணில் இருந்து பையை நானே இறக்கினேன். "அப்பா பேசினது தப்பு கண்ணு. வர்ற சனிக்கிழமை காம்பவுண்ட் பாக்கப் போலாமா?" என்றேன்.

"லூப் கட்ட நீங்க கத்துக்கணும்பா. சார் சொன்னாரு, வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணுமாம்."

இப்போது ஒரு துண்டுக் கயிறும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். மேல் முடிச்சு சரியாக வந்துவிட்டது. கீழ் முடிச்சுதான் இன்னும் நழுவுகிறது.

பி.கு: வீட்டில் வில் பயிலும் பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் வளையக் கயிற்றில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். பிசிறு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். முகத்துக்கு நேரே அறுவது அந்தக் கயிறுதான்.